பௌர்ணமியைத் தாண்டாத பனி

ஓவித் அஸ்லேன் மேல் எனக்கு இருபது வருஷமாகக் கோபம் இருந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் அது புதிதாகப் பிறக்கும், ஏப்ரலில் பனியோடு கரைந்து போகும். தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் நின்று, "இன்னிக்காவது பனிப் பாலத்தைத் திறப்பியா, மாட்டியா?" என்று அவனிடம் கெஞ்சிய நாட்களைச் சேர்த்தால் என் ஆயுசில் பாதி வரும். அவன் கடப்பாரையால் பனியில் இரண்டு குத்து குத்துவான். காதைச் சாய்த்துக் கேட்பான். "இல்ல" என்பான். அவ்வளவுதான். ஏன், எப்போது என்று ஒரு வார்த்தை கிடையாது. சுவரோடு பேசினாலும் எதிரொலியாவது வரும்.

நான் நார்சீஸ் துர்கோத், ஓர்லியான் தீவின் தபால்காரன். பெரிய ஏரிகளிலிருந்து அகலமாக, நிதானமாக வருகிற செயின்ட் லாரன்ஸ் ஆறு, கியூபெக் கோட்டைப் பாறைக்குக் கீழே ஒரு மைல்கூட இல்லாத இடுக்கில் நெருக்கித் தள்ளப்படுகிறது. மூச்சுத் திணறி வெளியே வந்ததும் எங்கள் தீவில் முட்டி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை ஆழம், கப்பல்கள் அந்த வழியாகப் போகும். வடக்குக் கிளை ஆழமற்றது, சேறும் நாணலுமாகக் கிடக்கும். எங்கள் வழி அதுதான். தீவின் கீழ்க்கோடியைத் தாண்டினால் தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கும். கடல் அங்கிருந்து எத்தனையோ நூறு மைல் தள்ளி இருக்கிறது. இருந்தாலும் தினமும் இரண்டு தடவை எங்கள் வாசல் வரை அதன் ஓதம், அந்த ஏற்ற இறக்கம், வந்துவிட்டுப் போகும். ஏறினால் மூன்று ஆள் உயரம் ஏறும். வற்றினால் ஆறு இருந்த இடத்தில் சேறு மின்னும்.

பழம்பெருமைக்கும் எங்களுக்குக் குறைச்சல் இல்லை. கார்த்தியே என்ற மாலுமி இங்கே இறங்கி, காட்டுத் திராட்சைக் கொடிகளைப் பார்த்து மயங்கி, மதுக் கடவுளின் பெயரைத் தீவுக்கு வைத்தாராம். அப்புறம் இங்கிலீஷ்காரன் படையோடு வந்து கூடாரம் அடித்தான், எங்கள் முப்பாட்டன்களின் வீடுகளையும் வைக்கோலையும் கொளுத்தினான். அக்கரைக்காரர்கள் எங்களை மந்திரவாதிகள் என்பார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் இருட்டில் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு வற்றிய ஆற்றில் மீன் பார்க்கப் போவார்களாம். அக்கரையிலிருந்து பார்த்தவனுக்குத் தண்ணீர் மேல் நெருப்பு நடந்து போவது மாதிரி தெரிந்திருக்கிறது. இன்றைக்கும் சந்தையில் என்னைக் கண்டால் விடமாட்டார்கள்.

"வாய்யா மந்திரவாதி! ஆத்தை எப்ப உறைய வைக்கப் போறே?"

"அது என் கையில இல்லப்பா, ஓவித்து கையில இருக்கு" என்பேன் நான். அதில் பாதி உண்மை.

மற்ற ஊர்களில் ஆறு உறைந்தால் உறைந்ததுதான். எங்கள் ஆறு உறைந்த பிறகும் சும்மா இருக்காது. மேலே இருக்கிற பனி முழுவதும் ஓதத்தோடு ஏறி இறங்கும், கரையோரம் விரிசல் விடும், முனகும். நிலா பாதியாக இருக்கும் நாட்களில் ஓதம் சோம்பலாக இருக்கும், அப்போதுதான் பனி கரைக்குக் கரை பிடிக்கும். பார்ப்பவனுக்குப் பாலம் தயார். ஆனால் பௌர்ணமியோ அமாவாசையோ வந்தால் ஓதம் பொங்கும். அந்தப் பொங்கலைத் தாங்கினால்தான் அது பாலம். தாங்காவிட்டால், மேலே நிற்கிறவனையும் சேர்த்துக்கொண்டு போய்விடும். ஓவித்தின் சட்டம் அது ஒன்றுதான். ஒரு பெரிய ஓதத்தைத் தாண்டாத பனியில் அவன் மரம் நடமாட்டான்.

மரம் நடுவதுதான் அவன் வேலை. முப்பது தப்படிக்கு ஒன்றாக, தீவிலிருந்து அக்கரை வரை, ஆள் உயர ஊசியிலைக் கன்றுகளைப் பனியில் துளை போட்டு நிற்க வைப்பான். துளையில் தண்ணீர் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் சிமென்ட் பூசின மாதிரி பிடித்துக்கொள்ளும். பச்சை மரம் என்றால் பாதை, வண்டியோடு வரலாம். பொத்தல் இருக்கும் இடத்தில் மொட்டைக் கம்பு ஒன்றை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டுவான். மொட்டைக் கம்பு என்றால் கிட்டே வராதே. எங்கள் ஊரில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆள் கிடையாது. மரம் நின்றால் யோசிக்காமல் குதிரையை இறக்குவோம், மரம் இல்லாவிட்டால் எத்தனை அவசரமானாலும் இறங்கமாட்டோம். பனிப்புயலில் கண் தெரியாதபோது, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு என் குதிரையே வழி கண்டுபிடித்துப் போயிருக்கிறது.

ஓவித்தின் வீடு கரைக்குப் பக்கத்திலேயே, மற்ற வீடுகளை விட்டுத் தள்ளி இருந்தது. வீட்டுக்குப் பத்து, பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கிற ஊரில் அவனுக்கும் அவன் மனைவி தெல்வினாவுக்கும் ஒன்றுகூட இல்லை. புத்தாண்டுக் காலையில் எங்கள் வீடுகளில் மூத்த பிள்ளை அப்பன் முன்னால் மண்டியிட்டு ஆசீர்வாதம் கேட்கும். எத்தனை முரட்டு அப்பனும் அந்த நேரத்தில் கண் கலங்குவான். அந்தக் காலையில் ஓவித் கடப்பாரையோடு ஆற்றில் இருப்பான். அவனிடம் யாரும் ஆசீர்வாதம் கேட்டதில்லை.

தெல்வினாதான் அவனுக்கும் சேர்த்துப் பேசினவள். கலகலவென்று சிரிக்கிறவள். அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, அது காசநோய் என்று தெரிந்தது 1923 நவம்பரில். ஆற்றில் பனித்துண்டுகள் மிதக்க ஆரம்பித்திருந்த நேரம். தோணியில் படுக்க வைத்து, நாலு பேர் தள்ளியும் இழுத்தும் அக்கரைக்குக் கொண்டுபோனோம். நானும் ஒரு ஆள். வழி நெடுக அவள் மேல் தண்ணீர் தெறித்து உறைந்தது. கரையில் தூக்கி இறக்கும்போது இருமிக்கொண்டே ஓவித்திடம் சொன்னாள்: "இதோ பாருங்க, இனிமே என்னைத் தோணியில ஏத்தாதீங்க. வீட்டுக்கு வர்றப்ப நான் ரோட்டுலதான் வருவேன். ராணி மாதிரி வண்டியில உக்காந்து வருவேன், சொல்லிட்டேன்."

"சரி" என்றான் ஓவித்.

கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரி அது. அக்கரை மேட்டில், மோன்மொரான்சி அருவிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் இருந்தது. நயாகராவைவிட உயரமான அருவி என்று நாங்கள் பீற்றிக்கொள்வோம். குளிரில் அருவியின் சாரல் உறைந்து, அடிவாரத்தில் பெரிய வெள்ளைக் கூம்பாக வளர்ந்து நிற்கும். நெஞ்சு நோய்க்குக் குளிர்காற்றுதான் மருந்து என்று, நோயாளிகளைத் திறந்த தாழ்வாரத்தில் கட்டிலோடு கிடத்தி, கம்பளியும் தோலும் போர்த்திவிடுவார்கள். தெல்வினாவின் கட்டிலிலிருந்து பார்த்தால் ஆறு முழுவதும் தெரியும், அதற்கப்பால் தீவு தெரியும். அவர்கள் வீட்டுக் கூரையைக்கூடத் தன்னால் அடையாளம் சொல்ல முடியும் என்பாள்.

பாலம் திறந்ததும் தபாலோடு போய் அவளைப் பார்ப்பேன். அப்படிப் போன ஒரு நாளில்தான் அவள் அதைச் சொன்னாள்.

"அண்ணே, அவரு மரம் நட ஆரம்பிச்சா எனக்கு இங்கேருந்தே தெரியும். முதல்ல தீவுக்கிட்ட ஒரு கருப்புப் புள்ளி. அப்புறம் ரெண்டு, மூணு. என்னை நோக்கித்தான் வர்றாருன்னு தெரிஞ்சிடும். லெட்டர் எழுத வராத மனுஷன், எனக்கு அதுதான் லெட்டர். இந்தத் தடவை நாப்பத்தி மூணு வரைக்கும் எண்ணிட்டேன். அப்புறம் இந்தப் பாழாப்போன இருமல் வந்து எண்ணிக்கை விட்டுப் போச்சு. அடுத்த தடவை முழுசா எண்ணாம விடமாட்டேன்."

பாலம் திறந்திருக்கும் மாதங்களில் ஓவித் ஞாயிறுதோறும் நடந்து போய் அவள் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டு வருவான். கோடையில் படகு இருக்கிறது. நடுவில் இலையுதிர்காலத்திலும் வசந்தத்திலும் ஆறு யாருக்கும் ஆகாமல் கிடக்கும் வாரங்கள்தான் அவனுக்கு நரகம். ஒரு பெரிய பானை பட்டாணி சூப்பை ஒரே தடவையாகக் காய்ச்சி, பானையோடு கொட்டகையில் வைத்துவிடுவான். உறைந்து பாறையாகிவிடும். பசிக்கும்போது கோடாலியால் ஒரு துண்டு வெட்டி அடுப்பில் வைப்பான். வாரம் முழுக்க அதே சூப்தான். சாயங்காலம் கரையில் நின்று எதிர்மேட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பான். தபால் முடித்துத் திரும்பும்போது நான் பார்ப்பேன். பார்த்துவிட்டு என் வீட்டுக்குப் போய், ஒன்பது பிள்ளைகள் சத்தம் போடுகிற அடுப்படியில் உட்கார்ந்து, "சனியன்களே, கொஞ்சம் வாயை மூடுங்களேன்!" என்று கத்துவேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

1926 டிசம்பரில் குளிர் முன்னாடியே வந்துவிட்டது. பதின்மூன்றாம் தேதி காலையில் எழுந்து பார்த்தால் ஆறு கரைக்குக் கரை பிடித்திருந்தது. ஊருக்கே சந்தோஷம். இருபத்தொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை கியூபெக்கில் கிறிஸ்துமஸ் சந்தை. வீட்டுக்கு வீடு வாத்து உரித்து உறைய வைத்திருந்தார்கள். எல்லோரும் ஓவித்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் நிலாவைப் பார்த்தான். பௌர்ணமி பத்தொன்பதாம் தேதி, பெரிய ஓதம் அதற்கு ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். "அது போகட்டும்" என்று சொல்லிவிட்டான்.

புதன்கிழமை எக்ஸில்தாவின் கடையில் அடுப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றோம். ஊரின் ஒரே டெலிபோனும் அந்தக் கடையில்தான் இருந்தது. ஓவித் ஆணி வாங்க உள்ளே வந்தான்.

"ஓவித்து, நேத்து எங்க நாய் அக்கரை வரைக்கும் போய்ட்டு வந்துடுச்சுப்பா" என்றான் ஒருவன்.

"நாய் வண்டி இழுத்துட்டா போச்சு?" என்றாள் எக்ஸில்தா.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து நாள் தபால் கிடந்தது. அக்கரைப் போஸ்ட்மாஸ்டர் டெலிபோனில் என்னைக் கிழித்துக்கொண்டிருந்தார். அந்த எரிச்சலில் என் வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது.

"அவங்கிட்ட எதுக்குய்யா கேக்கறீங்க? பொண்டாட்டி அக்கரையில இழுத்துக்கிட்டுக் கிடக்கா. அவளைப் போய்ப் பாக்கவே அவனுக்கு அவசரமில்ல. நம்ம அவசரம் அவனுக்கு எங்க புரியப் போவுது?"

ஓவித் ஆணிப் பொட்டலத்தைக் கோட்டுப் பையில் போட்டான், தொப்பியை இறக்கிக்கொண்டான், கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். அவன் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"வாயா அது? சாக்கடை!" என்றாள் எக்ஸில்தா என்னைப் பார்த்து.

மறுநாள் வியாழக்கிழமை மத்தியானம் அவளே ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து டெலிபோன் வந்திருந்தது. தெல்வினாவுக்கு முடியவில்லை, சாமியார் வந்து கடைசித் தைலம் பூசிவிட்டார், ஓரிரு நாள் தாங்கலாம், புருஷனுக்குச் சொல்லுங்கள் என்று சொன்னார்களாம். "எனக்குத் தனியாப் போய்ச் சொல்லத் தைரியம் இல்ல நார்சீஸ். நீயும் வா. நேத்து பேசின வாய்தானே, இன்னிக்கும் பேசட்டும்."

போனோம். வீட்டு வாசலில் ஊசியிலைக் கன்றுகள் நூறு அளவுக்கு வெட்டி, கிளை ஒதுக்கி, அடுக்கிக் கிடந்தன. நவம்பரிலேயே வெட்டி வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறான். எக்ஸில்தாதான் விஷயத்தைச் சொன்னாள். அவன் கையிலிருந்த கோடாலியைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"தாங்குவாளாமா?"

"ரெண்டு நாள்ங்கறாங்க."

அவன் கன்றுகளைப் பார்த்தான். கொட்டகை மூலையில் மொட்டைக் கம்புகள் கட்டாகக் கிடந்தன. அவற்றையும் பார்த்தான். என்ன யோசிக்கிறான் என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது.

"மரத்தை நட்டுக்கிட்டே போ, ஓவித்து" என்றாள் எக்ஸில்தா. "நீ வர்றதை அவ பாக்கட்டும். உசுரைப் பிடிச்சுக்கிட்டு இருப்பா."

"ஊரும் பாக்கும்" என்றான் அவன்.

"நான் கரையில நிக்கறேன்" என்றேன். "ஒரு ஆளை இறங்க விடமாட்டேன். சத்தியமா."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீயா?" என்றான். குத்தலாகக் கேட்கவில்லை. கேட்டதோடு சரி. எனக்குத் தலை குனிந்தது. இந்தக் கரையில் இருபது பண்ணைகளிலிருந்து இருபது பாதைகள் ஆற்றுக்கு இறங்குகின்றன. தீவின் அந்தப் பக்கத்து ஊர்க்காரனும் மரத்தைப் பார்த்தால் வண்டி கட்டுவான். யாரை எங்கே தடுப்பேன்?

"பௌர்ணமி தாண்டலையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். பிறகு மொட்டைக் கம்புக் கட்டை எடுத்து வெளியே வைத்தான். எக்ஸில்தா அழுதுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில், ஓதம் வற்றிக்கொண்டிருந்தபோது ஓவித் இறங்கினான். கையில் கடப்பாரை, பின்னால் கயிற்றில் கட்டி இழுத்த சின்னச் சறுக்குப் பலகை, அதில் கம்புகள். பத்துத் தப்படி நடப்பான், குத்துவான், காது கொடுப்பான், நடப்பான். ஒவ்வொரு நூறு தப்படிக்கும் ஒரு கம்பை நட்டு, சிவப்புத் துணி கட்டினான். புயல் வந்தால் திரும்பி வர அவனுக்கு வழி வேண்டும். அவன் காலடித் தடத்தைப் பார்த்து வேறு யாரும் பின்னால் வந்துவிடவும் கூடாது. ஊர் முழுக்கக் கரையில் நின்று பார்த்தது. ஆற்றின் குறுக்கே முனையிலிருந்து முனைவரை, வராதே வராதே என்று சொல்லிக்கொண்டே ஒரு மனிதன் போகிறான். வாத்து விற்கத் துடித்த ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை. மெல்லிய பனி பெய்ய ஆரம்பித்தது. ஆறு பாதி தாண்டும் முன்பே அவன் கண்ணுக்கு மறைந்துவிட்டான். அந்த மொட்டைக் கம்புகள் எங்களுக்கே தெரியவில்லை. மேட்டிலிருந்து யாருக்குத் தெரிந்திருக்கும்?

சாயங்காலம் டெலிபோன் வந்தது. ஓவித் பத்திரமாக வந்து சேர்ந்தான், ஆனால் மதியம் பன்னிரண்டுக்குத்தான் மேடேறினான். தெல்வினா காலை பத்து மணிக்கே போய்விட்டாள்.

கோயில் மணி அடித்தது. செத்தது பெண் என்றால் இத்தனை அடி என்று ஒரு கணக்கு உண்டு, அதை எண்ணிவிட்டு எல்லோரும் தொப்பியைக் கழற்றினோம். நான் கொட்டகைக்குப் போய் என் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். நான் கடையில் சொன்ன வார்த்தை அவனோடு ஆற்றைத் தாண்டிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை, சந்தை நாள் காலை எட்டு மணிக்கு, ஓதம் ஏறும்போது ஆற்றின் நடுவில் பீரங்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தோம். பனி நடுவே நீளமாகப் பிளந்து, ஓவித்தின் கம்புகளோடு, சிவப்புத் துணிகளோடு, கியூபெக் பக்கம் மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கருப்புத் தண்ணீர் தெரிந்தது. அந்த நேரத்துக்கு எங்கள் வண்டிகள் எல்லாம் சரியாக அங்கேதான் போய்க்கொண்டிருந்திருக்கும். முதல் வண்டி என்னுடையது. என் பெரிய மகனையும் கூட்டிப்போவதாக இருந்தேன். எக்ஸில்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு பேர் தோணியில் போய்ச் சவப்பெட்டியை எடுத்து வருகிறோம் என்று டெலிபோனில் சொல்லி அனுப்பினோம். "வேணாம், அவ ரோட்டுல வருவா" என்று பதில் வந்தது.

அவனும் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில் அவளை வைத்துவிட்டு, சமையல்காரனின் கொட்டகையில் ஓரமாகப் படுத்துக்கொண்டானாம். கிறிஸ்துமஸ் போயிற்று. புத்தாண்டும் போயிற்று. புத்தாண்டுக் காலையில் என் மூத்தவன் என் முன்னால் மண்டியிட்டான். அவன் தலையில் கை வைத்தபோது ஜன்னல் வழியாக ஆறு தெரிந்தது. அக்கரை ஓரத்தில் ஒரு கருப்புப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது, நிற்கும், குனியும், மறுபடி நகரும். ஆசீர்வாத வார்த்தைகள் எனக்குப் பாதியில் மறந்துவிட்டன.

டிசம்பர் இருபத்தேழாம் தேதி வாக்கிலேயே ஆறு மறுபடி பிடித்திருந்தது. ஜனவரி மூன்றாம் தேதி அமாவாசை. அடுத்த இரண்டு நாளும் ஓதம் பொங்கியது. பனி முனகியது, கரையோரம் விரிந்தது, ஆனால் நடுவில் அசையவில்லை. ஐந்தாம் தேதி மத்தியானம் ஓவித் நடந்தே வந்து என் வாசலில் நின்றான். தாடி முழுக்கப் பனி. ஆள் பாதியாகியிருந்தான்.

"நாளைக்குக் காலைல உன் வண்டியை எடுத்துக்கிட்டு என் பின்னாலயே வா. நான் மிதிச்ச இடத்துல குதிரையை விடு."

"மரம்?"

"மரம் அங்கேருந்து நடுவேன். இங்கேருந்து நட்டா ஊர் இறங்கிடும். ரோடு திறந்ததும் முதல்ல அவதான் வரணும்."

மறுநாள், குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த மூன்று அரசர்களின் திருநாள். ஊர் முழுவதும் கரையில் நின்றது, வண்டிகள் பூட்டித் தயாராக. அன்றைக்கு யாரும் முணுமுணுக்கவில்லை. வெறும் வண்டியோடு அவன் பின்னால் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த காட்டில் அவன் புதுக் கன்றுகள் வெட்டி, கரைக்கு இறக்கி வைத்திருந்தான். அவற்றைத் தன் சறுக்குப் பலகையில் ஏற்றிக்கொண்டான். பெட்டியை நாங்கள் இருவரும் தூக்கி என் வண்டியில் வைத்தோம். கனமே இல்லை. அவன் தன் கோட்டைக் கழற்றி அதன் மேல் போர்த்தினான்.

முதல் மரத்தை நட்டான், தண்ணீர் ஊற்றினான், கையால் அசைத்துப் பார்த்தான். முப்பது தப்படி நடந்தான். இரண்டாவதை நட்டான். பிறகுதான் திரும்பி எனக்குக் கை காட்டினான். நான் வண்டியை இரண்டாவது மரம் வரை ஓட்டி நிறுத்தினேன். இப்படியே ஒவ்வொரு மரத்துக்கும் நின்று நின்று போனோம். என் பிறவிக்கு நான் அத்தனை பொறுமையாக இருந்ததில்லை. வலது கையில் மேலே அருவியின் வெள்ளைக் கூம்பு, அதற்கும் அப்பால் மங்கலாகக் கியூபெக் பாறை. காற்றே இல்லை. குதிரை மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆற்றின் பாதிக்கு வந்ததும் அவன் கடப்பாரையை ஊன்றி நின்றான்.

"அன்னிக்கு பத்து மணிக்கு நான் இங்கதான் இருந்தேன்" என்றான். "இந்த இடத்துல ஐஸ் மெலிசு. ரெண்டு தடவை முழங்கால் வரைக்கும் இறங்கிடுச்சு. சுத்திப் போக வேண்டியதாப் போச்சு."

"ஓவித்து, அன்னிக்கு கடையில நான்..."

"சிஸ்டர் சொன்னாங்க" என்று என்னைப் பேச விடாமல் தொடர்ந்தான். அவன் அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "தினம் காலைல கேப்பாளாம், மரம் தெரியுதா சிஸ்டர்னு. இல்லம்மான்னு சொல்லுவாங்களாம். கடைசி நாள் அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியல. கேட்டிருக்கா. பாவம்னுட்டு, 'தெரியுதும்மா, வரிசையா வருது, உன் புருஷன் வந்துக்கிட்டே இருக்காரு'ன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க. அவ சிரிச்சாளாம். 'பொய் சொல்லாதீங்க சிஸ்டர். பௌர்ணமி இன்னும் வரல. பௌர்ணமி தாண்டாம அவரு மரம் நடமாட்டாரு. அவரை எனக்குத் தெரியாதா?'ன்னாளாம். அதான் அவ பேசின கடைசிப் பேச்சு."

அவன் வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. தீவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் வர்றது அவளுக்குத் தெரியாது, நார்சீஸ். வந்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவளுக்குத் தெரியாமப் போச்சு."

அவன் கண்ணைக் கையுறையால் துடைத்தான். அது ஈரத்தோடு உறைந்து கண்ணிமையில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தான். குனிந்து பலகையிலிருந்து அடுத்த கன்றை எடுத்தான். துளை போட்டு, நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, அசைத்துப் பார்த்தான். அதுவரை ஒரு சத்தமும் போடாமல் நட்டுக்கொண்டு வந்தவன், இப்போது வண்டியின் பக்கம் திரும்பி, பெட்டிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னான்:

"நாப்பத்தி நாலு."

நான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். முப்பது தப்படி. நாற்பத்தைந்து. முப்பது தப்படி. நாற்பத்தாறு. ஒவ்வொன்றுக்கும் நின்று, திரும்பி, அவளிடம் எண்ணைச் சொன்னான். அறுபது வந்தபோது கரையில் நின்றவர்களின் முகங்கள் தெரிந்தன. எண்பது வந்தபோது அவன் குரல் அவர்களுக்கும் எட்டியது. முன்வரிசையில் நின்ற எக்ஸில்தா மண்டியிட்டாள், பின்னாலேயே மற்றவர்களும் பனியில் மண்டியிட்டார்கள். என் மூத்தவனும் அவர்களில் இருந்தான்.

கடைசி மரத்தைத் தன் வீட்டுக்கு நேர்கீழே, கரையை ஒட்டி நட்டான்.

"தொண்ணூத்தி நாலு" என்றான். "அவ்வளவுதான், தெல்வினா." பிறகு என்னைப் பார்த்து, "வண்டியை ஓட்டு" என்றான்.